புதர்ச்சிட்டின் புதுப் பாட்டு

தேயிலை விலை விழுந்து, குன்னூருக்கு மேலிருந்த எஸ்டேட் ஃபேக்டரியை மூடிய வருடம் அது. அங்கே இலை உலர்த்தும் ட்ரையரைப் பார்த்துவந்த நெல்சனால் சும்மா இருக்க முடியவில்லை. பூட்டிய கேட் வரை நடப்பான், திரும்புவான், மறுபடி நடப்பான். நாற்பதை நெருங்கும் ஆள் இப்படி அலைவதைப் பார்க்கச் சகிக்காமல், தங்கை தபித்தாள் அவனைத் தன் வேலைக்குத் துணையாகக் கூட்டிப்போனாள்.

அவள் கோயம்புத்தூரில் பறவை மூளையை ஆராய்பவள். அந்த எஸ்டேட்டில் இலை பறிக்காமல் விட்டு ஆளுயரம் வளர்ந்த தேயிலைக்குள் ஓர் ஆண் புதர்ச்சிட்டு இருந்தது. போன வருடம் இல்லாத ஒரு துண்டை இந்த வருடம் தன் பாட்டில் சேர்த்திருந்தது. சென்ற மாதம் அதை வலையில் பிடித்து, புதிதாய்ப் பிறக்கும் செல்களில் மட்டும் ஏறும் மருந்தை ஊசி போட்டு, காலில் வளையம் மாட்டி விட்டிருந்தாள். இப்போது திரும்பப் பிடிக்க வேண்டும். ஒருமுறை சிக்கிய குருவி வலைப்பக்கமே வரவில்லை.

"வளந்த குருவிக்கு மூளையில புதுசா முளைக்குமா?"

"முளைக்கும்ணா. பாட்டுக்குண்டான இடத்துல பழைய செல் சாகும், புதுசு வந்து உக்காரும்."

"மனுசனுக்கு?"

"அதுல இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க."

நெல்சன் வலையருகே குந்தி, அந்தப் புதுத் துண்டைச் சீட்டியடிக்கப் பழகினான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதடு வெடித்தும் விடவில்லை. ஒருநாள் காலை அது சரியாக விழுந்தது. வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டதென்று சீறிவந்த குருவி வலையில் மாட்டியது.

நெல்சன் அதைப் பக்குவமாக எடுத்தான். உள்ளங்கைக்குள் படபடத்தது.

"பாத்துட்டு உட்றலாமா?"

"உட முடியாதுண்ணா. மூளைய எடுத்துத்தான் பாக்கோணும்."

"சாகடிச்சா?"

"ஆமா."

"முன்னயே சொல்லியிருந்தா சீட்டியடிச்சிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

விரல்களைத் திறந்திருந்தால் போதும். அவன் திறக்கவில்லை. துணிப்பையில் போட்டு அவளிடம் நீட்டிவிட்டு, இறக்கத்தில் இறங்கிப் போனான். மறுநாள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். அங்கே பனியன் கம்பெனி வேலைக்கு ஒரு நண்பன் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சில வாரம் கழித்து கோயம்புத்தூரில், குருவியின் மூளையைச் சீவி வைத்த கண்ணாடித் தகட்டில் புதுச் செல்கள் பழுப்புப் புள்ளிகளாய்த் தெரிந்தன. தபித்தாளால் உட்கார முடியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"இருந்துச்சுண்ணா. நெறைய."

எதிர்முனையில் மெஷின் சத்தத்துக்கு மேலே நெல்சன் கேட்டான்.

"அந்தக் குருவி இருந்த எடத்துல இப்ப?"

"வேற ஒண்ணு வந்திருக்கும்."

"போய்ப் பாக்கலியா?"

"இல்ல."

"எனக்கு நூல் அந்துட்டே இருக்குது. சூப்பர்வைசர் பாக்கறான்." வைத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவள் திருப்பூர் போனாள். கம்பெனி வாசலில் காத்து நின்றாள். சாப்பாட்டு மணி அடித்ததும், தலையெல்லாம் பஞ்சோடு நெல்சன் வெளியே வந்தான்.

"அரை மணி நேரந்தான் இருக்குது," என்றான். "சாப்டியா?"