நெஞ்சில் கனக்காத பை

அந்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைவது வெலிச்கோவுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. வெளியே வருவதுதான் நடக்கவில்லை.

ஸ்லிவென் நகரத்துக் கடைத்தெருவில், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ரங்கெலின் கடை. அதன் தரையில் பச்சை நைலான் புழுவைப் போல அவன் மல்லாந்து கிடந்தான். வயது ஐம்பத்தாறு. டவுன்பஸ் ஓட்டுநர். வயிறும் ஓட்டுநருக்குரியதுதான்.

"மூச்சை உள்ள இழுங்கண்ணே," என்றான் ரங்கெல், ஜிப்போடு மல்லுக்கட்டியபடி.

"இழுத்துட்டுத்தான் இருக்கேன். இழுத்த பிறகு இருக்கிற அளவுதான் இது."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வெலிச்கோவின் மனைவி நெவெனா சொன்னாள்: "விட்டுடுங்க ரங்கெல். ரெண்டு மாசத்துல பட்டாம்பூச்சியா அவனே வெளிய வந்துடுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு மூச்சு வாங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை கடையின் கூரையைப் பார்த்தாள். வெலிச்கோ பைக்குள் இருந்தபடியே அந்தக் கையைப் பார்த்தான். இரண்டு மாதமாக அவன் பார்ப்பதெல்லாம் அந்தக் கையைத்தான்.

அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருந்தது. மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட நேரமில்லை என்று டாக்டர் மின்சேவா தெளிவாகச் சொல்லிவிட்டாள். நெவெனா சம்மதிக்கவில்லை. நெஞ்சைத் திறந்தால் மூடுவார்களா என்பது அவள் பயம். கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். மலையில் ரோசென் பூக்கிற புல்வெளியில், கர்த்தர் விண்ணேறிய திருநாளுக்கு முந்தைய இரவு போய்ப் படுப்பாள். நோயாளிகள் காலங்காலமாகச் செய்வது அது. இரவில் 'அவங்க', பேர் சொல்லக் கூடாத வன தேவதைகள், வந்து ரோசென் பூப் பறித்துக்கொண்டு போவார்கள். போகும்போது படுத்திருப்பவர் மேல் ஏதாவது ஒன்றை விட்டுப்போவார்கள். பச்சை இலை என்றால் பிழைத்துக்கொள்வார். காய்ந்த இலை என்றால் வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்துவிட வேண்டியதுதான்.

"பச்சைன்னா ஆபரேஷன், காஞ்சதுன்னா வேண்டாம். இதுக்கு மேல என்கிட்ட பேசாதே," என்று சொல்லிவிட்டாள். டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வெலிச்கோவுக்குத் தெரியவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

ஒருவழியாக அவனை உருவி எடுத்தபின் ரங்கெல் தன் பாடத்தைத் தொடங்கினான். "வெயில் காலத்துக்கு வாத்து இறகு வேண்டாம்ணே. விடியக்காலைப் பனியில ஊறின ரொட்டி மாதிரி ஆயிடும். இது பஞ்சு மாதிரி செயற்கை இழை, சீக்கிரம் காயும். அறுநூறு கிராம்தான். சுருட்டினா ஒரு ரொட்டி அளவு. அக்காவுக்கு நீலம் பிடிக்குமா?"

"வழுக்குது," என்றாள் நெவெனா. துணியின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். "மேல ஏதாவது விழுந்தா நிக்காதே. சறுக்கிக் கீழ போயிடும்."

"மேல என்ன விழப் போகுது? மழையா?"

"இலை."

ரங்கெலின் கைகள் அப்படியே நின்றன. கடைக்காரக் குரல் எங்கோ போய்விட்டது. காலண்டரைப் பார்த்தான். பிறகு ஏணி போட்டு, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பையை எடுத்து வந்தான். வெளிப்புறம் வெள்ளைப் பருத்தி. உள்ளே மெல்லிய லைனிங்.

"ஐந்நூற்றம்பது கிராம். நெஞ்சுல கனமே தெரியாது," என்றான், தேவாலயத்தில் பேசுகிறவனைப் போல. "ஜிப்பை முழுசா இழுக்காதீங்கக்கா. சத்தம் கேட்டா அவங்களுக்குப் பிடிக்காது. எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க."

எதையும் கேட்காமல் விட்டதில்லை வெலிச்கோ. இதை மட்டும் கேட்கவில்லை.

நெவெனா அந்தப் பைக்குள் படுத்துப் பார்த்தாள். கைகளை மார்பில் வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. வெள்ளைத் துணி ஏறி இறங்குகிறதா என்று வெலிச்கோ குனிந்து பார்த்தான். தெரியவில்லை. பயத்தில் அவன் வாய் தானாகத் திறந்தது: "நல்லாத்தான் இருக்கு, சவப்பெட்டிக்கு மூடி ஒண்ணுதான் குறைச்சல்." சொன்ன மறுகணம் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"இதுவே இருக்கட்டும்," என்றாள் நெவெனா, கண்ணைத் திறக்காமலே. "இவனுக்கு ஒரு அகலமானது குடுங்க. ஆள் அளவுக்கு வேண்டாம், பஸ் அளவுக்கு."

திருநாளுக்கு முந்தைய மாலை, மலைப் புல்வெளியில் முப்பது பேர் இருக்கலாம். சூரியன் இறங்கிய கணத்திலிருந்து மறுநாள் அது ஏறும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வெலிச்கோவுக்கு இது மூச்சை அடக்குவது மாதிரி. பஸ்ஸில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகையை முதலில் மீறுகிறவனே அவன்தான். இங்கே எலுமிச்சைத் தோலை நசுக்கியதுபோல் வாசம் வீசும் இளஞ்சிவப்புப் பூக்களுக்கு நடுவே, கலர் கலராக நைலான் பைகள் வரிசையாகக் கிடந்தன. எல்லார் காலும் கிழக்கே பார்த்திருந்தது. ஒருவர்கூட இருமவில்லை. நோயாளிகள் இத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு இருமல்கூட இல்லாதது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

நெவெனா வெள்ளைப் பைக்குள் புகுந்து, ஜிப்பை முழங்கால்வரை மட்டும் இழுத்துக்கொண்டாள். அவன் தன் பழுப்பு நிறப் பைக்குள் படுத்து, ராத்திரி முழுக்க விழித்திருந்து அவளைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தான். அந்த முடிவு முடிவதற்குள் தூங்கிவிட்டான்.

விழித்தபோது வானம் சாம்பல் நிறம். நெஞ்சு வலித்தது. யாரோ நெடுநேரம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனதுபோல் ஒரு அழுத்தம். பனி பெய்து பை நனைந்திருந்தது. தலைமுடி நனைந்திருந்தது. காற்று என்பதே இல்லை. பூத்தண்டுகளில் பாதி மட்டும் பூ இல்லாமல் நின்றன. யாரோ நிதானமாகப் பறித்திருந்தார்கள்.

தலையைத் திருப்பினான். நெவெனா தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியின் மேல், சரியாக நெஞ்சுக்கு மேலே, ஒரு காய்ந்த இலை.

மே மாதக் கடைசி. அந்தப் புல்வெளியில் காய்ந்தது என்று ஒரு புல் கிடையாது. சுற்றிலும் எல்லாம் பனியில் சொட்டிக்கொண்டிருக்க, அந்த இலை மட்டும் ஈரம் படாமல், அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் மொரமொரவென்று இருந்தது.

அவன் தலையைத் தூக்கித் தன்னைப் பார்த்தான். தன் வயிற்று மேட்டின் உச்சியில் பச்சையாக, பனித்துளியோடு, ஓர் இலை.

வெலிச்கோ அதிகம் யோசிக்கிறவன் அல்ல. யோசித்திருந்தால் பயந்திருப்பான். கையை மெல்ல வெளியே எடுத்து, காய்ந்த இலையை இரண்டு விரலால் தூக்கித் தன் மேல் வைத்தான். பச்சையை அவள் மேல் வைத்தான். ஐந்து விரலும் தன்னுடையவைதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு கண்ணை மூடி, தூங்குகிறவன் மாதிரி நடித்தான். அவன் நடிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது. பள்ளிக்கூட நாடகத்தில் அவனுக்கு மரம் வேஷம் கொடுத்திருந்தார்கள். அதிலும் அசைந்துவிட்டான்.

கீழே கிராமத்துத் தேவாலயத்தில் மணி அடித்தது. சூரியன் வந்துவிட்டது. புல்வெளியில் முப்பது பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

"நெவெனா. எழுந்திரு. பாரு, என்ன விழுந்திருக்குன்னு பாரு."

அவள் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தான். சிரிப்பாள் என்றாவது நினைத்தான். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. பச்சை இலையிலிருந்து அவள் கண் மெல்ல நகர்ந்து அவன் வயிற்றுக்கு வந்து நின்றது.

"நீ மாத்தினியா?"

"எதை மாத்தினேன்? நான் இப்பத்தான் முழிச்சேன்."

"வெலிச்கோ. பொய் சொல்லாதே. நான் ராத்திரி மாத்தி வெச்சேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"நடுராத்திரி முழிப்பு வந்துச்சு. நீ குறட்டை விட்டுட்டிருந்தே. திடீர்னு நின்னு போச்சு. திரும்பிப் பாத்தேன். உன் பையோட துணி, நெஞ்சுகிட்ட, இப்படி உள்ள அமுங்கியிருந்துச்சு. யாரோ உக்காந்த மாதிரி. யாரும் இல்ல. துணி மட்டும் அமுங்கியிருக்கு. உனக்கு மூச்சு இல்ல. கத்தணும்னு வாயைத் திறந்தேன். பேசக் கூடாதே. பேசினா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம். என் கையைக் கடிச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருந்தேன்."

அவள் மணிக்கட்டில் பல் பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் துணி மேல எழும்பிடுச்சு. நீ ஒரு பெரிய மூச்சு விட்டே, தண்ணிக்குள்ளேருந்து வந்தவன் மாதிரி. பாத்தா உன் மேல அது கிடக்கு, காஞ்சது. என் மேல பச்சை."

வெலிச்கோ தன் வயிற்றின் மேல் கிடந்த காய்ந்த இலையைப் பார்த்தான்.

"முட்டாள்," என்றாள் நெவெனா. "எவ்வளவு கஷ்டப்பட்டு மாத்தி வெச்சேன்."

"நீ மட்டும் பெரிய புத்திசாலி."

பக்கத்துப் பைக்காரர்கள் ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் எடுத்துத் தின்னத் தொடங்கியிருந்தார்கள். நெவெனா பச்சை இலையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். காய்ந்ததை அவர்கள் இருவரும் தொடவில்லை. அவன் தன் பையை உதறாமல் அப்படியே புல்லில் விட்டுவிட்டு நடந்தான்.

"ஆபரேஷனுக்கு வர்றேன்," என்றாள் அவள், இறக்கத்தில். "எனக்கு விழுந்தது பச்சை. அதை இப்போ மறுக்க முடியாது. ஆனா முதல்ல நீ. நேரா ஆஸ்பத்திரிக்கு. இந்தச் சட்டையோடயே."

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் அவன் கையை விடவில்லை.

டாக்டர் மின்சேவா நல்ல மனநிலையில் இருந்தாள். திருநாள் அதுவுமாக இருவரையும் புல் ஒட்டிய உடையோடு பார்த்ததும் சிரித்துவிட்டாள். நெவெனாவின் சம்மதத்தைக் கேட்டு இன்னும் சிரித்தாள். "சரி, உங்க திருப்திக்கு இவரையும் பாத்துடறேன்," என்று வெலிச்கோவின் மார்பில் ஒயர்களை ஒட்டினாள். ஒட்டும்போது தன் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர், ஆட்டிறைச்சி யார் பொறுப்பு. இயந்திரத்திலிருந்து காகிதம் வரத் தொடங்கியது. டாக்டர் அதைக் கையில் வாங்கியபடியே பேசினாள். பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது.

அவள் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"நேத்து ராத்திரி உங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர், நான் தூங்கிட்டிருந்தேன்."

"இந்தக் கட்டில்லேருந்து எழுந்திருக்காதீங்க," என்றாள் டாக்டர், மிக மெதுவாக. "கையைக்கூடத் தூக்க வேண்டாம்." கதவைத் திறந்து யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காரிடாரில் ஓடுகிற காலடிகள் கேட்டன.

நெவெனா கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழுகை வந்துவிடும் என்று நினைத்தான்.

"உன்னை எனக்குத் தெரியாதா," என்றாள். "ரெண்டு மாசமா நான் நிக்கிற வரிசை. இப்போ வந்து முன்னால புகுந்துட்டே பாரு."

அவன் சிரிக்கப் போனான். கட்டிலோடு சேர்த்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.