நாலாயிரம் முனை

ஞாயிற்றுக்கிழமை காலை, செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தில் கடவுளைப் பற்றி விவாதம். கூட்டம் சேராதோ என்று பயந்த பட்டு முதலாளி ராமலிங்கம், தன்னிடம் வேலை செய்கிறவர்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தார். கடவுளுக்கே ஆள் பிடிக்க வேண்டிய காலம்.

தேவகி வந்தது வேறு காரியமாக. அவளுக்குக் கண்ணில் புரை. இலவச அறுவை சிகிச்சைக்கு நெசவாளர் அட்டை வேண்டும். அட்டைக்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும். மூன்று மாதமாக இழுத்தடிக்கிறார். "இழை முறுக்கறதெல்லாம் நெசவாமா?" என்று கேட்ட புண்ணியவான்.

தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. மிச்சமிருக்கும் பழைய பாவின் ஒவ்வொரு முனையோடும் புதுப் பாவின் முனையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். கண் போனதும் அதில்தான்.

பேராசிரியர் மாணிக்கவேல் கடவுள் கட்சி. "ஈர்ப்பு விசை கொஞ்சம் கூடியிருந்தா, குறைஞ்சிருந்தா, நாம யாருமே இங்க இல்ல. இவ்ளோ கச்சிதமா அமைச்சது யாரு?" என்றவர், முதலாளி கடையிலிருந்து வந்த அரக்குப் புடவை ஒன்றை விரித்துக் காட்டினார். "நாலாயிரம் இழை. ஒண்ணு இடம் மாறினாலும் கெட்டுப்போவும். இது தானா வருமா? பின்னால ஒரு பேரறிவு இருக்குது." அவர் கை தானாக மேடையில் உட்கார்ந்திருந்த ராமலிங்கத்தின் பக்கம் நீண்டது. அவரும் அந்தப் புகழைக் கூச்சமில்லாமல் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த அரக்குப் பாவைப் போன ஆடியில் மூன்று நாள் உட்கார்ந்து முறுக்கியவள் தேவகி.

அடுத்து எதிர்க்கட்சி, இயற்பியல் ஆசிரியை சுகாசினி. "கணக்கில்லாத பிரபஞ்சம் இருந்தா ஒண்ணு இப்படி அமைஞ்சிடும் சார். கணக்கில்லாத தறி இருந்தா இந்தப் புடவைகூட தற்செயலா வந்துடும்."

புடவை செய்த பெயரை ஒருத்தர் முதலாளிக்குக் கொடுத்தார், இன்னொருத்தி அதிர்ஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டாள். நடுவில் தன் விரல்கள் எங்கே போயின? தேவகி எழுந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, தற்செயலா வந்த புடவ ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்க, பாக்கறேன். சார், யாரோ செஞ்சிருக்கணும்னு நீங்க சொன்னது சரி. ஆளத்தான் தப்பா காட்டிட்டீங்க. அத்தினியும் முறுக்கினது நான். கண்ணு முன்னால இருக்கற புடவைக்கே ஆள் மாறிப்போச்சு. வானத்துக்கு மட்டும் எப்பிடி சரியா சொல்லுவீங்க?"

மாணிக்கவேல் நல்ல மனிதர், முகம் சிவந்தாலும் ராமலிங்கத்திடம் திரும்பிக் கேட்டார்: "இவங்கதான் செஞ்சாங்களாங்க?"

ஆமாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லை என்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தறிக்காரர்களே சிரிப்பார்கள். ராமலிங்கம் கண்ணை மூடி, கையை மேலே காட்டினார். "நம்ம கையில இன்னா இருக்குது? எல்லாம் அவன் செயல்."

அப்பாடா என்று விழாக்காரர்கள் ஓடிவந்து அவர் தோளில் சால்வையைப் போர்த்தினார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

தேவகி மேடையேறி, மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை அவர் முன்னால் விரித்தாள்.

"அவன் செயல்னா சால்வைய அவனுக்குப் போடச் சொல்லுங்க மொதலாளி. கையெழுத்த நீங்க போடுங்க."