நாய்க்குப் பூர்வீகம் இல்லை

‘டாக்’ என்ற ஒரு சொல்லிடம் ஹெஸ்டர் வசமாக மாட்டிக்கொண்டாள். நாயைக் குறிக்கும் அதே டாக்தான். தெருவுக்குத் தெரு குரைத்துக்கொண்டு திரிகிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு பண்டிதருக்கும் தெரியாது.

யார்க் நகரத்து அகராதி அலுவலகத்தில் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தேடுவது அவள் வேலை. ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதினால் அங்கே மானக்கேடு. எழுதியவர் மாலைத் தேநீருக்கு எல்லோருக்கும் பன் வாங்கித் தர வேண்டும். சேர்ந்த புதிதிலேயே ஹெஸ்டர் மூன்று முறை வாங்கிவிட்டாள்.

“இன்னொரு தடவை உன் பன்னு வந்துச்சுன்னா, மூட்டையைக் கட்டிக்கம்மா” என்று ஆசிரியர் கெட்டில்வெல் சொல்லியிருந்தார். மூட்டை கட்டினால் போக்கிடம் அண்ணன் வீடு. அந்த அண்ணி போடும் சோற்றுக்குப் பட்டினியே மேல்.

அந்தப் பயத்தில்தான் ‘டாக்’ என்பதற்கு நேராக ‘டச்சு மொழியிலிருந்து வந்தது’ என்று எழுதி, அச்சுப்படியின் ஓரத்தில் வழக்கம்போலத் தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டுக்கொடுத்தாள். இன்று காலை, பழைய நூல்களில் அந்தச் சொல் வரும் வரிகளை எழுதிவைத்த மேற்கோள் சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கியபோதுதான் தப்பு தெரிந்தது. ஆங்கிலச் சீட்டுகள் பல நூற்றாண்டு மூத்தவை. டச்சுக்காரர்கள்தான் இங்கிருந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். பாவி, மகனைப் பிடித்து அப்பனுக்கு அப்பனாக்கிவிட்டாள்! கீழே அச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பேசாம இரு. நாயா வந்து கேக்கப்போகுது?” என்றான் பக்கத்து மேசை பெர்சிவல்.

இருக்க முடியவில்லை. ஆசிரியர் அறைக்குள் போய்ச் சீட்டுகளை நீட்டினாள்.

“சார், நான் எழுதினது தப்பு. டச்சு இல்ல.”

“அப்ப எது?”

“தெரியல சார்.”

கெட்டில்வெல் சீட்டுகளைப் புரட்டினார். முகம் சிவந்தது.

“தப்புன்னு தெரிஞ்சா எழுதின?”

“சந்தேகம் இருந்துச்சு. வேலை போயிடும்னு பயந்துட்டேன்.”

அவர் சீட்டுகளை மேசைமேல் வைத்தார். தொலைந்தோம் என்றே நினைத்தாள். அண்ணியின் முகம் கண்முன் வந்து நின்றது.

“பயமுறுத்தினது நான்தானே” என்றார் கடைசியில். கீழேயிருந்து அச்சுப்படியை வரவழைத்து, டச்சை அடித்து, ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதினார். ஓரத்தில் இருந்த அவள் எழுத்துகளையும் அடித்துவிட்டுத் தன் எழுத்துகளைப் போட்டார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார்.

“உனக்குத் திராட்சை போட்ட பன்னா, சும்மாவா?”

ஹெஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது.