வயசைக் கூட்டிச் சொன்னவர்

குதிரை விற்கிறவன் வயசைக் குறைத்துத்தான் சொல்வான். சனாவுல்லா கூட்டிச் சொன்னார்.

"பல்லைப் பாரு மொக்கைச்சாமி, தேஞ்சு போச்சு. மூஞ்சியெல்லாம் நரை. படுத்தா எந்திரிக்க முக்குறா."

எரியோட்டிலிருந்து குதிரை வாங்க வந்த மொக்கைச்சாமி, குதிரை கறுப்பியின் வாயை விட்டுவிட்டுச் சிரித்தான். "ஏன் பாய், விக்கக் கூப்பிட்டீங்களா, வையக் கூப்பிட்டீங்களா? தக்காளிக் கூடை ஏத்துனா இழுப்பாளா?"

படுத்தால் எழுந்திருக்க முக்கி முனகியது சனாவுல்லாதான். முழங்கால் வீங்கி, ஜட்கா வண்டியின் படியில் ஏற முடியாமல் போனது போன மழைக்காலத்தில். அன்றிலிருந்து கடிவாளம் மருமகன் அக்பர் அலி கையில். 'என் கை படாம அவ ஒரு அடி வைக்க மாட்டா' என்று பேகம்பூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கறுப்பி மறுநாளே வைத்தாள். ரயில் ஊதினால் காது விறைக்கும், வால் எழும்பும், குட்டிக் குதிரை மாதிரி பறப்பாள்.

"பாய், வயசு ஒங்களுக்குத்தான் ஆச்சு. குதிரைக்கு ஆகல" என்றான் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டும் பொன்னுத்துரை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ரோட்டில், ஒரே வெயிலில் தேய்ந்தவர்கள் இரண்டு பேரும். அவளுக்கு மட்டும் என்ன கொழுப்பு?

"மாமா, இவள வித்துட்டா வண்டிய நானா இழுக்குறது?" என்றான் அக்பர் அலி.

"வேற வாங்கு."

விலை படிந்தது. விற்கிறவன் தன் கயிற்றைக் கொடுப்பதில்லை. சனாவுல்லா பழைய கயிற்றை அவிழ்த்தார். மொக்கைச்சாமி புதுக் கயிற்றைப் பிரித்தான். கழுத்து வெறுமையாக இருந்த அந்த நேரம் பார்த்து மதுரை வண்டி ஊதியது.

கறுப்பி போய்விட்டாள்.

சனாவுல்லா நொண்டிக்கொண்டு ஸ்டேஷன் வந்து சேர்ந்தபோது, ஜட்கா வரிசையில் தன் இடத்தில் நிமிர்ந்து நின்றாள். சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் சேலை மூட்டையோடு, "குதிரை இருக்கு, வண்டி எங்கப்பா?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குதிரை வந்து செத்த நேரமாச்சு பாய், நீங்க இப்பத்தான் வாரீங்களா?" என்றான் பொன்னுத்துரை.

விழாமலிருக்க அவள் கழுத்தைப் பிடித்தார். அவருக்கு மூச்சு முட்டியது. அவளுக்குச் சீராக வந்தது.

"எப்படிடீ?" என்றார்.

பின்னாலேயே ஓடிவந்த மொக்கைச்சாமிக்கு வாயெல்லாம் பல். "இம்புட்டு உசுர வச்சிருக்கவளையா கெழடுன்னீங்க? எங்க ஊர்ச் சந்தைக்கு இவ ஓடுறத எல்லாப் பயலும் பாக்கட்டும்!"

பார்ப்பார்கள். எவனோ கொள்ளு வைப்பான். எவனுக்கோ காதை விறைப்பாள். சனாவுல்லாவுக்கு வயிறு எரிந்தது.

"கயித்தச் சுருட்டு. விக்கல."

"பேச்சு மாறலாமா பாய்?"

"மாறிட்டேன். போ."

கையோடு கொண்டுவந்த பழைய கயிற்றைக் கழுத்தில் போட்டு இறுக்கி முடிந்தார். பின்னோடு வந்து கயிற்றை வாங்கப் பார்த்த மருமகனின் கையைத் தட்டிவிட்டார். கறுப்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். கயிறு இழுத்த இழுப்புக்கு அவர் போனார்.