கம்பு கட்டிய கால்கள்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து யோகராஜ் இரண்டு கம்புகளைச் செதுக்கிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் கோணிப்போகும் கன்றுகளுக்குக் கம்பு கட்டி நிமிர்த்துவதில் அவன் கெட்டிக்காரன். ஆறு வயது மகள் நிலூஷாவுக்கோ பிறவியிலேயே மூளைவாதம். கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். கண்டிக்கு, கிளினிக்குக்கு அவளைத் தூக்கிப் போன நாளெல்லாம் அவனுக்கு வேலைப் பதிவில் பேர் விழவில்லை. அந்த நாள் சம்பளம் போனது போனதுதான். "நானே நிமித்திருவேன்" என்று போவதையே நிறுத்திவிட்டான். பாசக்காரன்தான், பாசத்துக்குத்தான் புத்தி இல்லை.

மனைவி கஜலட்சுமி கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளையின் கால்களை இழுத்துப் பிரித்தான். அவள் அலறினாள்.

"பொறுத்துக்க தங்கம், நடந்துருவ."

முழங்காலால் அவள் இடுப்பை அமுக்கி, கம்பை வைத்துக் கயிற்றை இறுக்கினான். கால் விறைத்து எதிர்த்தது. முழுப் பலத்தையும் போட்டு இழுத்தான். படக்கென்று தொடை எலும்பு முறிந்தது. பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் இரத்தம்.

பக்கத்து மலையிலிருந்து அலறல் கேட்டு ஓடிவந்த கஜலட்சுமி, மிச்சமிருந்த கம்பை எடுத்து அவன் மண்டையில் போட்டாள்.

"அடப்பாவி! பச்சப்புள்ளைய கொன்னுட்டியேடா!"

இரத்தம் கண்ணில் இறங்க, அவளை அறையக் கை ஓங்கினான். கயிற்றுக்குள் வீங்கும் தொடையைக் கண்டதும் கை தானாக இறங்கியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ருஷ்தா, "எப்படி உடைஞ்சது?" என்றார்.

"கட்டில்லருந்து விழுந்துட்டா" என்று கஜலட்சுமி முந்திக்கொண்டாள். புருஷனைப் பொலிஸ் கொண்டுபோய்விடுமே என்ற பயம் அவளுக்கு.

"விழல டொக்டர். நான்தான் ஒடச்சேன்."

ருஷ்தா கொதித்துப்போனார். "கோளாறு கால்ல இல்ல. மூளைதான் தசைய இறுக்குது. கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி குடுத்துத்தான் தளர்த்தணும். அதுக்குத்தானே வரச் சொன்னோம்!" பிறகு குரல் தணிந்தது. "வராத புள்ளையத் தேடி நாங்களும் மலையேறி வரல்ல. அது எங்கட பிழை."

யோகராஜ் மகளின் நெற்றியைத் தடவப் போனான். கை பட்டதுமே அவள் உடம்பெல்லாம் விறைத்து வீறிட்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டு சுவரோடு சரிந்து அழுதான்.

"பொலிஸுக்கு நானே சொல்றேன். நீ கிளினிக்க மட்டும் விட்றாத, கஜா. பேர் விழாட்டி சம்பளம் போனா போகட்டும். லயத்துல எல்லாருக்கும் சொல்லு. பாசமா இருந்தாலும், வைத்தியம் தெரியாம புள்ள மேல வைக்கிற கை அடிக்கிற கைதான்."