தாய்மாமன் காது

சிலமலையிலிருந்து அண்ணன் முத்துப்பாண்டி வந்து அந்த யோசனையைச் சொன்னபோது, முத்துப்பிரியாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

"யார்கிட்டயும் போய் நிக்க வேணாம் தாயி. நம்ம கொடிக்குக் காது குத்துவோம். மாப்ளே இத்தனை வருசமா ஒரு விசேசம் விடாம எல்லாருக்கும் மொய் செஞ்சிருக்காரு. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்ல ஒரு விசேசமும் இல்ல. செஞ்சது திரும்பி வரட்டும். புள்ளை வைத்தியத்துக்கு ஆகும்ல?"

கொடி என்கிற பொற்கொடிக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் தெரிந்தது. பேச்சு இன்னும் வரவில்லை. ஆள் தொட்டால் ஆகாது. சத்தம் என்றால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முன்பெல்லாம் தாகம் எடுத்தால் சுவரில் போய்த் தலையை முட்டுவாள். தேனியில் உள்ள பயிற்சி மையத்துக்கு வாரம் இரண்டு நாள் பஸ்சில் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகு, தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்துவந்து நீட்டுகிறாள். முதல்முறை நீட்டிய அட்டையை அவள் அப்பா பிரபாகரன் இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறான்.

பிரபாகரன் விடியலில் போடியிலிருந்து போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். முத்துப்பிரியா ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறாள். இரண்டு கூலியும் சேர்ந்தும் பயிற்சிக் கட்டணத்துக்குப் போதவில்லை. இரண்டு நாள் ஒரு நாளானது. அடுத்த மாதம் அந்த ஒரு நாளும் சந்தேகம். "விட்டு விட்டு வந்தா கத்துக்கிட்டதும் நழுவிடும்மா" என்று மையத்தில் அந்த அம்மாள் வருத்தத்தோடு சொன்னார். உதவித்தொகைக்கு மனு கொடுத்தாயிற்று, வரிசையில் இருந்தது. பிள்ளையின் படத்தைப் போனில் போட்டு உதவி கேட்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பிரபாகரன் படத்தை எடுத்தான். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

மொய்யில் அந்தச் சங்கடம் இல்லை. விசேசம் வைத்தவன் தலை குனிய வேண்டியதில்லை.

ஆனாலும் பிரபாகரன் கேட்டான். "கூட்டம் அவளுக்கு ஆகாதே மச்சான்?"

"ஒரு பொழுதுதானே மாப்ளே. நான் மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிறேன். எந்தப் புள்ளை அழாமக் காது குத்துச்சு?"

புருசனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையின் பயத்தைப் போக்கப் பணம் வேண்டும் என்பதற்காக, பிள்ளை அதிகம் பயப்படும் நாள் ஒன்றை அவர்கள் தாங்களே குறித்தார்கள்.

மலையடிவாரத்து அய்யனார் கோவிலில் விசேசம். புளியமரத்தில் குழாய் கட்டி, மொக்கையன் சவுண்டு செட்டை அலறவிட்டிருந்தான். முத்துப்பாண்டி தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் கொண்டுவந்தார். பெரிய மீசை, சலவை வேட்டி, தோளில் பட்டுத்துண்டு. மருமகளை மடியில் வைக்கப்போகும் தாய்மாமனுக்கு அன்று ராஜ நடை. மேளம் முதல் தட்டுத் தட்டியதும் கொடி, முத்துப்பிரியாவின் கையை உதறிக்கொண்டு ஓடினாள். ஓடி, அப்பாவின் ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

முத்துப்பிரியா பட்டுச் சேலையோடு மண்ணில் படுத்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தது. அட்டையை நீட்டினாள், பிள்ளை பார்க்கவில்லை.

"நேரமாச்சு தாயி! இழுத்துட்டு வா வெரசா!" என்று மைக் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார் முத்துப்பாண்டி.

முத்துப்பிரியா எழுந்தாள். நேரே போய் மொக்கையனிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, செட்ட நிப்பாட்டுங்க. காது குத்தலை."

செட்டு நின்றது. மேளமும் நின்றது.

"என்ன சொல்ற நீ?" முத்துப்பாண்டியின் முகம் சிவந்தது. "ஊரைக் கூட்டி வச்சிட்டு?"

முத்துப்பிரியாவோடு காய் பொறுக்கும் ராமுத்தாய் அத்தை முன்வரிசையிலிருந்து எழுந்தாள். "ஏப்பா, காது குத்தாத காதுகுத்துக்கு எந்த ஊர்ல மொய் வாங்குறாங்க? நான் முடிஞ்சு கொண்டாந்தத எந்தக் கணக்குல குடுக்குறது? சும்மா குடுத்தா இவுக வாங்குவாகளா?"

"வேணாம் அத்தை" என்றான் பிரபாகரன். "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க. அது போதும்."

அடுத்த மாதத்துத் தேனிப் பயணம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது என்று முத்துப்பிரியாவுக்குத் தெரியும். அவன் அப்படிச் சொன்னதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

அப்போதுதான் எல்லோர் காதிலும் அது விழுந்தது. இவ்வளவு நேரம் செட்டுச் சத்தத்திலும் பேச்சிலும் கேட்காமல் இருந்தது. ஜீப்பின் அடி இரும்பில், டங், டங் என்று மெல்ல ஒரு சத்தம். பிள்ளை தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

பிரபாகரன் ஓடிப்போய்க் கையை இரும்புக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவே கொடுத்தான். சத்தம் நின்றது.

முத்துப்பாண்டி ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைக்காகப் போட்டிருந்த மணைப்பலகையில் போய் உட்கார்ந்தார்.

"ஆசாரி, என் காதைக் குத்துங்க."

"அண்ணே?" என்றார் சின்ராசு ஆசாரி.

"சின்னதுல குத்துனது தூந்து போச்சு. காதுகுத்துன்னு பத்திரிகை அடிச்சு சாமி முன்னாடி பந்தல் போட்டாச்சு. மருமவ மாமன் மடியில உக்கார முடியலைன்னா, மருமவளுக்காக மாமன் உக்காருறேன். யாருக்காக குத்துறோம்னு அய்யனாருக்குத் தெரியும். நீங்க குத்துங்க."

ஆசாரி அவர் காதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "எருமைத் தோலு கணக்கா இருக்கேண்ணே. கம்பி வளைஞ்சிருமே."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. "சத்தம் போடாதீகடி, புள்ளை பயப்படும்" என்று ராமுத்தாய் அதட்டினாள். உடனே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். ஆசாரி குத்தினார். முத்துப்பாண்டி பல்லைக் கடித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. கண்ணில் மட்டும் நீர் வந்தது. கொடிக்கென்று சீர்த் தட்டில் கொண்டுவந்த சின்னஞ்சிறு பூத்தோடு அந்தப் பெரிய மீசைக்கு மேலே, காதில் ஏறியது.

"இப்ப குடுக்கலாம்ல?" என்றாள் ராமுத்தாய். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே முதல் ஆளாக மொய் எழுதுகிறவரிடம் போனாள்.

எங்கள் பக்கத்தில் மொய் என்றால் மைக்கில் பெயர் சொல்ல வேண்டும். இன்னார், இன்ன ஊர், இவ்வளவு என்று மலையில் பட்டு எதிரொலிக்க வேண்டும். கொடுப்பவருக்குப் பாதிச் சந்தோசம் அதில்தான். அன்று மொக்கையன் மைக்கின் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டான். பெரிய தொகையோடு வந்த ஒருவர் மைக்கை ஒரு தரம் ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு குனிந்து, எழுதுகிறவர் காதோடு காதாகத் தன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அப்படியே செய்தார்கள். பந்தியில் வாளி இடிபடாமல் சாம்பார் ஊற்றினார்கள். சத்தம் போட்டே பழகிய ஒரு கூட்டம் ஒரு பிள்ளைக்காக வாய்மூடி நடந்தது. இதைவிடப் பெரிய பூசை எதையும் அந்த அய்யனார் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வந்ததில் தேனிக்கு மறுபடி வாரம் இரண்டு நாள் போகலாம். எல்லாக் காலத்துக்கும் ஆகாது. ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை தாங்கும்.

பந்தி பாதி நடக்கையில் கொடி வெளியே வந்தாள். பட்டுப்பாவாடையெல்லாம் மண்ணும் கிரீசும். யாரும் கூப்பிடவில்லை, முத்துப்பிரியாதான் கண்ணாலேயே எல்லோரையும் கெஞ்சி நிறுத்தினாள். பிள்ளை மெல்ல நடந்து, மணைப்பலகையில் இன்னும் உட்கார்ந்திருந்த மாமனுக்கு எதிரே போய் நின்றாள். மஞ்சள் அப்பி, சிவந்து வீங்கியிருந்த அந்தக் காதையே பார்த்தாள்.

பிறகு இரண்டு கையையும் நீட்டி அவருடைய இரண்டு காதையும் பொத்தினாள். அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

குத்திய காது அழுந்த, முத்துப்பாண்டிக்கு வலி உச்சிக்கு ஏறியிருக்கும். அவர் அசையவே இல்லை. இலை போட்டாச்சு என்று கூப்பிட வந்தவரைப் பிரபாகரன் கையைக் காட்டி நிறுத்தினான்.