ஒரு திரைக்கு மூன்று கணினிகள்

மூன்று கணினிகளும் தப்பிவிட்டன. திரைகளில் இரண்டு தப்பவில்லை. மின்வெட்டு முடிந்து கரன்ட் திரும்பி வந்த வேகத்தில் ஒன்றிலிருந்து புகை வந்தது. மற்றதில் புகைகூட இல்லை. சும்மா இருண்டுபோய்க் கிடந்தது.

கொன்ஸ்ரன்ரைன் இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தான். திட்டவில்லை. வருத்தப்படவும் இல்லை. பங்குனி மாதத்திலிருந்து அவனுக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை.

பங்குனியில்தான் அவனுடைய மனைவி மரிஸ்ரெலா செத்துப்போனாள். காய்ச்சல். யுத்தகாலம் என்பதால் செய்தி கேட்டவர்கள் குரலைத் தாழ்த்தி, "எந்தக் குண்டில?" என்றுதான் கேட்டார்கள். டெங்கு என்று சொன்னதும் கொஞ்சம் குழம்பிப்போய் நுளம்பைப் பற்றிக் கதைத்தார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு தையற்கடையின் மேல்மாடி. புருசனும் பெண்சாதியுமாகத் தொடங்கிய கணினி அச்சமைப்புக் கடை. கலியாண அட்டை, ரியூசன் குறிப்பு எல்லாம் செய்தாலும் பிழைப்பு ஓடியது கல்வெட்டில்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம் அது: செத்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், குடும்ப வழி, நன்றி. யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனம் கொழும்பில் செத்தாலும் கல்வெட்டில்லாமல் போவதில்லை. கத்தோலிக்கனான கொன்ஸ்ரன்ரைனுக்குத் தேவாரம் பாதி மனப்பாடம்.

இப்போது கையிலிருந்த வேலை வரதராசாவின் கல்வெட்டு. அந்தியேட்டி நாளைக்கு. ஒரு பக்கம் மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் இருந்தது மூன்றாவது கணினியில். அது மரிஸ்ரெலாவின் கணினி. பங்குனிக்குப் பிறகு அதை அவன் போடவில்லை. மேலே ஒரு துவாயைப் போட்டு மூடியிருந்தான்.

காலையில் மஷூர் படியேறி வந்தான். கொம்பனித்தெரு ஆள். புறக்கோட்டையில் கணினிச் சாமான் கடை வைத்திருந்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் கூடப் படித்தவன். கக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. முன்னால் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஏ, பீ, சீ என்று மூன்று எழுத்து. பின்னால் குடல் சரிந்த மாதிரி வயர்கள்.

"புது ஸ்க்ரீன் இல்லயா?" என்று கேட்டான் கொன்ஸ்ரன்ரைன்.

"எங்க மச்சான். எயார்போட்ல குண்டு வெடிச்ச நாள்லேந்து சாமானே ஒழுங்கா வருதில்ல. அதுக்குத்தான் இத கொணந்த. ஒரு ஸ்க்ரீன், ஒரு கீபோட், ஒரு மவுஸ். மூணு பெட்டியும் இதுல வந்து சேருது. குமிழத் திருப்பினா எது வேணுமோ அது வரும். மூணு பொண்டாட்டி கட்டினவன் வீடு மாதிரி, இண்டைக்கி யாரிட..." மஷூர் பாதியில் நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லி முடி. பரவாயில்லை."

"வாய்க்கி ஒரு பூட்டு போடோணும் எனக்கு."

"அதுவும் உன்ர கடையில இருக்குமே."

மஷூர் சிரித்தான். பிறகு குனிந்து வயர்களைக் கொழுவத் தொடங்கினான். மூன்றாவது கணினியிடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். கொன்ஸ்ரன்ரைன் தலையசைத்தான். துவாயை எடுக்காமலே பின்பக்கம் கையை விட்டு அதற்கும் கொழுவினான்.

"ஒண்டு சொல்றன், மறந்துராத. எந்தப் பெட்டிய ஸ்டார்ட் பண்ணினாலும் முதல்ல குமிழ அதுட பக்கம் திருப்பிரு. பொறகுதான் சுவிட்ச். ஓடுற நேரத்துல கீபோட்டக் கழட்டிக் கழட்டி மாத்தாத, மதர்போட் எரிஞ்சி போகும்."

மஷூர் போன பிறகு கொன்ஸ்ரன்ரைன் ஏயைப் போட்டான். ஸ்கானர் பூட்டிய பழைய கணினி அது. அதில் வரதராசாவின் படம் இருந்தது. பிறகு குமிழைத் திருப்பிப் பீயைப் போட்டான். பிறிண்டர் பூட்டியது, அவனுடையது. கல்வெட்டின் பக்கங்கள் வந்தன. ஏ, பீ, ஏ, பீ. கீபோட் கேட்டது, மவுஸ் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. துவாய்க்குக் கீழே இருந்த சீயின் பக்கம் திருப்பவில்லை. முதலில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நினைத்தான்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் நாகேஸ்வரி வந்துவிட்டார். வரதராசாவின் மனைவி. வெள்ளைச் சேலை, கையில் குடை. வந்ததும் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார்.

"தம்பி, முடிஞ்சுதோ?"

"குடும்ப வழிதான் மிச்சம் அன்ரி. வேற ஆரிட்டையும் அதின்ர பிரதி இல்லையோ? நான் புதுசா அடிச்சுத் தாறன்."

"எத்தினை தரம் கேக்கிறீர்? போன வருசம் தன்ர தமையன்ர கல்வெட்டுக்கு அவர் லண்டன், கனடா எண்டு எல்லா இடமும் கோல் எடுத்து எழுதினது. ஐஞ்சு தலைமுறை. அடிச்சுக் குடுத்தது உம்மட மனுசி. எங்களிட்ட இருந்த பிரதியை இவர் மச்சாளுக்கு அனுப்பிட்டார். அவவோ பெட்டிக்குள்ள போட்டு வைச்சிட்டுப் பேப்பர்க் கடைக்குக் குடுத்திட்டாவாம்." நாகேஸ்வரி சேலைத்தலைப்பால் விசிறிக்கொண்டார். "அவர் கஷ்டப்பட்டுச் செய்தது அவற்ற கல்வெட்டில வராமல் போனா நாளைக்கு என்னெண்டு நான் சபையில நிக்கிறது?"

"வரும் அன்ரி."

"வரும் வரும் எண்டு ஒரு கிழமை. பின்னேரம் திரும்பவும் கரன்ட் போயிடும்."

அது உண்மை. மூன்றாவது கணினியைப் போட்டே ஆகவேண்டும். அவன் எழும்பவும் கீழே தையல் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நிற்கவும் சரியாக இருந்தது. சப்பாத்துச் சத்தம் படியில் ஏறியது.

பொலிஸ் அதிகாரி ஒருவர், பின்னால் துவக்கோடு இரண்டு பேர். ஒழுங்கை முழுக்கச் சோதனை. கொன்ஸ்ரன்ரைன் அடையாள அட்டையை நீட்டினான். நாகேஸ்வரி பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்து நீட்டினார். அவருடைய கை இதற்குப் பழகியிருந்தது.

"கொட்டாஞ்சேனைக்காரனுக்கு வெள்ளவத்தையில் என்ன வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி.

"கடை இங்கே, சேர். வீடு அங்கே." கொன்ஸ்ரன்ரைனும் சிங்களத்திலேயே சொன்னான்.

அதிகாரியின் கண் மேசைக்குப் போனது. தகரப் பெட்டி, குமிழ், வயர்க் கும்பல்.

"மேக்க மொகத?"

அது என்னவென்று அவன் சிங்களத்திலேயே விளக்கினான். ஒரு திரையை மூன்று கணினிகள் பாவிப்பதற்கு. அதிகாரி துவக்குக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவன் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கியிருந்தான்.

"தமிழில் என்ன சொல்கிறான்?" என்று நாகேஸ்வரியிடம் கேட்டார் அதிகாரி.

"அவர் சிங்களத்திலதான் சொன்னவர் சேர்," என்றார் நாகேஸ்வரி, தமிழில்.

"திருப்பிக் காட்டு."

கொன்ஸ்ரன்ரைன் குமிழை ஏக்குத் திருப்பினான். வரதராசாவின் முகம் வந்தது. நெற்றியில் விபூதி, கண்ணாடி. பீக்குத் திருப்பினான். தேவாரப் பக்கம் வந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். கொஞ்சம் பிடித்துப்போன மாதிரித் தெரிந்தது. பிறகு விரலால் மேசைக்குக் கீழே எண்ணினார்.

"அனித் எக்க? மற்றது, அந்தத் துவாய்க்குக் கீழே என்ன?"

"அதுவும் கணினிதான் சேர். பாவிக்கிறதில்லை."

"பாவிக்காததற்கு ஏன் வயர் கொழுவியிருக்கிறாய்?"

கொன்ஸ்ரன்ரைன் துவாயைப் பார்த்தான். அதிகாரியின் குரலில் இருந்த கொஞ்ச இளக்கமும் போனது. "போடு. இல்லாவிட்டால் பெட்டியையும் உன்னையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்."

ஸ்டேஷனுக்குப் போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அந்தியேட்டி. கொன்ஸ்ரன்ரைன் குனிந்தான். துவாயை எடுத்து மடித்துப் பக்கத்துக் கதிரையில் வைத்தான். சுவிட்சை அழுத்தினான்.

குமிழ் பீயிலேயே நின்றது. மஷூர் சொன்னது நினைவில் இருந்தும் கை அந்தப் பக்கம் போகவில்லை.

காற்றாடி சுற்றியது. ஒரு பீப். பிறகு சத்தம் அடங்கியது. அவன் மெல்லக் குமிழைச் சீக்குத் திருப்பினான். கறுப்புத் திரை. மேலே ஒரு மூலையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதிகாரி எழுத்துக்கூட்டி வாசித்தார். கீபோட் இல்லையாம்.

அவர் கீபோட்டைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தார். "இது என்ன? என்னிடம் விளையாடுகிறாயா, தம்பி?"

"மூக்குக்கு முன்னால கிடக்கிறது தெரியேல்லையாமோ அதுக்கு," என்று முணுமுணுத்தார் நாகேஸ்வரி.

கணினியும் போய்விட்டது என்றுதான் கொன்ஸ்ரன்ரைனுக்கு முதலில் தோன்றியது. அதுவும். பிறகு இரண்டாவது வரியை வாசித்தான். போகவில்லை. விழித்தவுடன் தன்னோடு கீபோட் இருக்கிறதா என்று அது ஒருதரம் தேடியிருக்கிறது. அப்போது கீபோட் பீயோடு இருந்தது. காணாததால் நின்றுவிட்டது. ஒரு விசையை அழுத்தச் சொல்லிக்கொண்டு அப்படியே நிற்கிறது.

"சேர், அதைத் தாங்கோ."

கீபோட்டை வாங்கி மேசையில் வைத்து அந்த விசையை அழுத்தினான். கறுப்பு விலகியது. பச்சை நிறத்தில் அவளுடைய திரை வந்தது. இடது ஓரத்தில் கோப்புறைகள், மரிஸ்ரெலா வைத்த மாதிரியே, செத்தவர்களின் ஊர்ப்பெயரில். பெயர் மறந்தாலும் ஊர் மறக்காது என்பாள். கடைசியில் ஒன்று, ஆங்கில எழுத்தில், 'பிறகு பாப்பம்'.

அவன் மவுஸைப் பிடித்தான். அம்புக்குறி அசையவில்லை. தட்டினான், இழுத்தான். அசையவில்லை. தொடங்கும்போது தன்னோடு இல்லாத மவுஸை அந்தக் கணினி இனிச் சேர்க்காது. நிறுத்தித் திரும்பப் போடவேண்டும்.

"வேலை செய்யவில்லையே," என்றார் அதிகாரி.

"ஒரு நிமிசம் சேர்."

மரிஸ்ரெலா மவுஸைத் தொட்டதே இல்லை. அது வந்த நாளிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற இடம் மவுஸின் இடம்தான். "கையை எடுத்து எடுத்து வைச்சா ஒரு கல்வெட்டு எப்ப முடியிறது? அதுக்குள்ள அடுத்த ஆள் செத்திடும்," என்பாள். எல்லாம் விசைகளில்தான். கொன்ஸ்ரன்ரைன் அவளைப் பார்த்துச் சிரிப்பான், தந்தி அடிக்கிற கந்தோர்க்காரி என்று. எந்த விசை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் பக்கத்துக் கதிரையில் இருந்து மூன்று வருசம் பார்த்திருக்கிறான்.

கண்ணால் தேடாமல் கையை வைத்தான். இடது சின்னி விரல் மூலையில். பெருவிரல் கீழே. அவளுடைய இடது கை எப்போதும் கொஞ்சம் சரிந்திருக்கும். அப்படிச் சரித்தான். அம்பு விசை கீழே, கீழே, கீழே. அளவெட்டி. கரவெட்டி. சுழிபுரம். அழுத்தினான். திறந்தது.

"சுழிபுரம் எங்கட ஊர்," என்று நாகேஸ்வரி கதிரையை விட்டு எழும்பினார்.

தமையனின் கல்வெட்டு வந்தது. பக்கங்களை விசையாலேயே தள்ளிக்கொண்டு போனான். குடும்ப வழி. மேலிருந்து கீழாக ஐந்து தலைமுறை, கிளை கிளையாக. எல்லாம் இருந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். நாகேஸ்வரியின் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். "தானயக்த?"

"தானயக் வகே," என்றான் கொன்ஸ்ரன்ரைன். செத்தவர் பேரில் கொடுக்கிற தானம் மாதிரித்தான். முப்பத்தோராம் நாள். இவருடைய கணவர்.

அதிகாரி குமிழில் கையை வைத்து, தானே ஒருதரம் ஏக்குத் திருப்பினார். வரதராசாவின் முகம். திரும்பச் சீக்கு. பிறகு அடையாள அட்டையை மேசையில் போட்டார். "அந்த வயரெல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டிவை. பார்க்கிறவனுக்குப் பயமாயிருக்கும்." சப்பாத்துகள் படியிறங்கின. கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின்களும் ஓடத் தொடங்கின.

நாகேஸ்வரி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். நான்காவது தலைமுறையில் விரல் நின்றது. இந்தக் கல்வெட்டு அடித்தபோது வரதராசா உயிரோடிருந்தார். அதனால் பெயர் வெறுமனே இருந்தது, நாகேஸ்வரியின் பெயருக்குப் பக்கத்தில்.

"இதில ஒரு சொல்லுப் போடவேணும், என்ன," என்றார்.

"ஓம் அன்ரி."

"போடும்."

அவன் பெயருக்கு முன்னால் போய்க் 'காலஞ்சென்ற' என்று அடித்தான். நாகேஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றார். வரி கொஞ்சம் தள்ளி அவருடைய பெயர் அடுத்த வரிக்கு இறங்கியது. எழுத்தைச் சிறிதாக்கி அதை மேலே கொண்டுவந்தான், பக்கத்திலேயே இருக்கும்படி.

ஃபிளொப்பியில் ஏற்றி, குமிழைத் திருப்பி, பீயில் சேர்த்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் வழக்கமான சிறு வரி கூடவே வந்தது. 'கணினி அமைப்பு: மரிஸ்ரெலா, வெள்ளவத்தை.' நாகேஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வாசித்தார்.

"இதையும் மாத்தவேணுமோ தம்பி?"

கொன்ஸ்ரன்ரைன் அந்த வரியைப் பார்த்தான். முன்னால் ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது.

"இல்லை. அடிச்சது அவதானே. அது அப்பிடியே கிடக்கட்டும்."

பிறிண்டர் ஓடியது. தாள் சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நாகேஸ்வரி மடித்துக் கொடுக்க அவன் ஸ்ரேப்ளர் ஊசி அடித்தான். பின்னேரம் கடைசிக் கட்டைக் கட்டி அவரைப் படியிறக்கிவிட்டு மேலே வந்தபோது கரன்ட் போனது. மூன்று காற்றாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின.

மேசையில் வரிசையில் நின்ற மற்ற வேலைகளின் தாள்களை எடுத்துப் பார்த்தான். பிறகு மவுஸை ஓரத்துக்குத் தள்ளி, ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை அதன் இடத்தில் வைத்தான். குமிழைச் சீக்குத் திருப்பினான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கரன்ட் வரும்வரை கீபோட்டுக்கு முன்னால் இருந்தான். துவாய் பக்கத்துக் கதிரையில் மடித்தபடி கிடந்தது.